எண் 31: விவரச்சீட்டில் இடம் தவறு

சென்ற மாதம் பரிஸ் லா ஷப்பலில், நம்மவர் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஒரு புதுச்சேரிப் பெண் என் தோளைத் தொட்டாள். நான் இருபத்தாறு ஆண்டுகள் காவல் பார்த்த மியூசியத்தில் இப்போது அவள் காவல் பார்க்கிறாள்.

"அக்கா, அந்த கயே எல்லாம் இப்ப இல்ல. தப்லேத்னு கைக்கணினி ஒண்ணு குடுத்துட்டாங்க. காலைல சுத்திப் பாத்து முடிச்சதும் பச்சைப் பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான்."

கயே என்பது காலைக் குறிப்புப் புத்தகம். அதை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குக் கையிலிருந்த முருங்கைக்காய் மறந்துபோனது.

"சரியில்லாட்டி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"சிவப்பு இருக்கு. அமுக்கினா நாலு காரணம் வரும். வெளிச்சம், கண்ணாடி, ஈரம், திருட்டு. அதுல ஒண்ணைத் தொடணும்."

"அஞ்சாவதா ஒண்டு இருந்தா?"

அவள் சிரித்தாள். "அஞ்சாவதா என்னக்கா இருக்கப்போவுது? அப்படி என்னதான் எழுதுவீங்க அந்தப் புத்தகத்துல?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. கடைக்குள் நின்று சொல்லி முடிகிற கதையா அது? வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டும் எனக்குக் கோபம் தணியவில்லை. அதனால் அவளுக்கும், அவளைப்போலப் பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் ஊர் இலங்கையின் கிழக்கே மூதூர். பள்ளிக்கூடம் திருகோணமலையில். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து லோஞ்சியில், அதாவது இயந்திரப் படகில், போய் வருவேன். பிறகு சண்டை, கொழும்பு, பரிஸ். இங்கே வந்த மூன்றாம் ஆண்டில் கணவர் நோயில் இறந்தார். மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரே அறையில் இருந்துகொண்டு அலுவலகங்கள் துடைத்தேன், உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். பிரெஞ்சு பேச வந்ததும் ஒரு தனியார் மியூசியத்தில் காவலுக்கு எடுத்தார்கள். அதன் பெயரை எழுதமாட்டேன். பெயர் எழுதினால் நாளைக்கே ஒரு கடிதம் வரும்; கடிதங்கள் எனக்குப் போதும்.

அந்த மியூசியத்தில் அமெரிக்க விடுதலைக்கென்று மூன்று அறைகள். அவைதான் எனக்குக் கிடைத்தன. முதல் அறை காரணங்கள்: முத்திரை குத்திய தாள்கள், ஒரு தேயிலைப் பெட்டி, மனுக்களின் நகல்கள். இரண்டாவது அறை போர். மூன்றாவது அறை போருக்குப் பின் நடந்தவை. ஒரு நாளில் ஏழு மணி நேரம் நின்றால் சுவரில் இருப்பதை வாசிக்காமல் வேறென்ன செய்வது? ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

பலர் நினைப்பதுபோல அந்தக் குடியேற்றக்காரர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். பத்து ஆண்டுகள் மனு எழுதியிருக்கிறார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள்மேல் வரி போடாதே என்பதுதான் எல்லா மனுக்களின் சாரமும். கடைசி மனுவை ஆங்கில அரசர் கையில் வாங்கவும் இல்லை. அவர்களுடைய விடுதலைப் பிரகடனத்திலும் பாதிக்கு மேல் முறைப்பாடுதான்: இதைச் செய்தார், அதைச் செய்தார், இன்னதைச் செய்யவில்லை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. பிரெஃபெக்துர் அலுவலகத்தில் விசாவுக்காக வரிசையில் நின்ற எவருக்கும் அந்த நடை உடனே புரியும்.

மூன்றாவது அறை எனக்குப் பிடித்தது, வயிற்றெரிச்சலையும் தந்தது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர்களின் வயலில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். அந்த மண்ணின் பழங்குடிகளை மேலும் உள்ளே துரத்தினார்கள். உதவிக்குப் போன பிரெஞ்சு அரசருக்குக் கஜானா காலியாகி, சில ஆண்டுகளில் தலையும் போயிற்று. ஆங்கில அரசர் பக்கம் நின்றவர்கள் வீடுவாசலை விட்டுக் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒரு விதவை, இழந்ததை எழுதிக் கொடு என்று கேட்டபோது எழுதிய பட்டியலின் நகல் ஒரு பேழையில் இருந்தது. இரண்டு பசு, ஒரு தறி, மூன்று கதவு. கதவையும் எழுதியிருக்கிறாளே என்று பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக் கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரிப்பு வந்ததில்லை.

இனி மதாம் வெர்னே. காவலர்களுக்குத் தலைவி. குட்டையான பெண்மணி, தட்டையான சப்பாத்து, மெல்லிய குரல். யாரையும் முதற்பெயர் சொல்லி அழைக்கமாட்டார். என் முழுப் பெயர் பரமேஸ்வரி. பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அதைப் பரமேஸ் என்று நறுக்கினார்கள். அவர் மட்டும் மூன்று நாள் பயிற்சி எடுத்து முழுதாகச் சொன்னார். பிழை செய்தால் திட்டமாட்டார். எதிரில் வராமல் பக்கத்தில் வந்து நின்று, "மறுபடி பாருங்கள்" என்பார். அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் எல்லாருக்கும் நடுக்கம்.

அவர் சொல்லித்தந்த காலைச் சுற்று இதுதான். எட்டரைக்குச் சாவிப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு கதவிலிருந்து தொடங்கி, சுவர் எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடக்கவேண்டும். ஒவ்வொரு படச்சட்டத்திலும் நான்கு மூலையையும் பார்ப்பது. பிறகு குனிந்து சட்டத்தின் அடியில் மரத்தூள் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. தூள் இருந்தால் பூச்சி இருக்கிறது. ஈரப்பதமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கடைசியில் கயேயில் எழுதுவது. எல்லாம் சரி என்றால் "குறிப்பிட எதுவும் இல்லை" என்று ஒரே வரி. கீழே என் கையெழுத்து, அதன் கீழே மதாம் வெர்னேயின் கையெழுத்து.

கயேக்கு விதிகள் உண்டு. பக்கங்களுக்கு எண் இருக்கும், கிழிக்கக்கூடாது. பிழையாக எழுதினால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அடித்தது அடியில் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஒரு குறையை எழுதினால், அது சரிசெய்யப்படும்வரை ஒவ்வொரு காலையும் திரும்ப எழுதவேண்டும். ஒரு நாள் விட்டால் சரியாகிவிட்டது என்று பொருள்.

நாங்கள் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று அறிய அவரே எங்காவது ஒரு காகிதத் துண்டைப் போட்டு வைப்பார். மூன்றாம் நாள் அதைக் காணத் தவறினேன். மூன்று தரம் சுற்ற வைத்தார். நான்காம் நாள், "எண் 12இன் அடியில் காகிதத் துண்டு, மதாம் வெர்னே வைத்தது" என்று எழுதினேன். அவர் வாசித்தார், கையெழுத்திட்டார், உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அதற்குப் பிறகு என் அறைகளில் காகிதம் போடவில்லை.

எண் 31 இரண்டாவது அறையில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. கையால் வரைந்த கடல் வரைபடம். தலைப்பு இருந்த மேல்பகுதி கிழிந்துபோயிருந்தது. விவரச்சீட்டில் இப்படி இருந்தது: "அடையாளம் காணப்படாத நங்கூரத்துறை, அமெரிக்கப் போர்க்காலம், அந்தீல் தீவுகள்." அந்தீல் என்றால் கரீபியன் கடல் தீவுகள். படம் முன்பு வேறு கட்டடத்தில் இருந்தது; அறையைத் திருத்தியபோது கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டிய அன்று காலை நான்கு மூலையைப் பார்க்கப் போனவள் நடுவைப் பார்த்துவிட்டேன்.

பெரிய குடா. வடக்கே ஒடுங்கிய வாய், அதற்குள் துறைமுகம், சின்னச் சின்னத் தீவுகள். தெற்கே ஆற்று முகம். கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும் பாறை. ஏழு வருடம் காலையும் மாலையும் நான் கடந்த தண்ணீர் அது. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த இடத்தில்தான் எங்கள் வீடு. காவலர் உட்காரக்கூடாத நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தப் போர் அமெரிக்காவோடு நிற்கவில்லை என்பது அதன் பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியதும், சண்டை எங்கள் கடலுக்கும் வந்துவிட்டது. ஒரே ஆண்டுக்குள் திருகோணமலையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள், பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்கள். பிறகு சமாதானம் பேசி ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமல் வரி போடாதே என்று தொடங்கிய சண்டையில் எங்கள் துறைமுகம் மூன்று கை மாறியிருக்கிறது. எங்கள் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

கயேயை எடுத்தேன். "எண் 31: விவரச்சீட்டில் இடம் தவறு. இது இலங்கையின் திருகோணமலை. பாறையின்மேல் வரைந்திருப்பது எங்கள் கோணேசர் கோயில்." பாறையின் உச்சியில் சின்னதாக ஒரு கட்டடமும் அதன்மேல் ஒரு கோடும் இருந்தன. கோபுரமும் கொடிமரமும் அல்லாமல் வேறென்ன? அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

மதாம் வெர்னே நெடுநேரம் வாசித்தார். "காவலர் அறிவது பொருளின் நிலையை. பொருள் என்ன என்பது மேல்மாடியின் வேலை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனால் விவரச்சீட்டும் சுவரில்தான் இருக்கிறது. எழுதினால் தினமும் எழுதவேண்டும், தெரியும்தானே?"

"தெரியும், மதாம்."

கையெழுத்திட்டார்.

மேல்மாடியில் இருந்தவர் மிசியே தெலாத். அந்த மூன்று அறைகளின் பொறுப்பாளர், படித்தவர், கெட்டவர் அல்லர். இரண்டாம் வாரம் கீழே இறங்கி வந்து என்னிடம் அன்பாகவே சொன்னார்: "மதாம், ஊரைவிட்டு வந்தவர்களுக்கு எந்தக் கடலைப் பார்த்தாலும் சொந்தக் கடலாகத்தான் தெரியும். இந்தத் தாள்கள் அந்தீலில் பணி செய்த ஓர் அதிகாரியின் ஆவணக் கட்டிலிருந்து வந்தவை."

"கடலெல்லாம் ஒன்றுபோலத் தெரிவது கரையில் நிற்பவர்களுக்கு, மிசியே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாளும். ஐந்து மாதம், வேலைக்கு வந்த ஒவ்வொரு காலையும் அதே வரி. முதல் அறை மனுக்காரர்கள் பத்து ஆண்டு எழுதியவர்கள். ஐந்து மாதத்தில் எனக்குக் கை வலித்துவிடுமா?

என் வாய்தான் என்னைக் கெடுத்தது. லா ஷப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்த இராசன் அண்ணையிடம் ஒருநாள் பருப்பு வாங்கும்போது சொல்லிவிட்டேன். அண்ணை தராசை நிறுத்திவிட்டார்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? எங்கட கோணேசர் கோயிலோ? இஞ்சை பரிசிலையோ?"

"ஓம் அண்ணை. சுவரிலை கிடக்கு. பேரை மாத்தி எழுதி வச்சிருக்கிறாங்கள்."

"எப்ப வந்து பாக்கலாம்?"

"மாசத்தின்ர முதல் ஞாயிறு காசு வாங்காமல் உள்ளை விடுவினம்."

இதை நான் ஓர் அழைப்பாக நினைத்துச் சொல்லவில்லை. முதல் ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பார்த்தால், பட்டுச்சேலையும் வேட்டியுமாக இருபது பேர் படியேறி வருகிறார்கள். புறநகரான சென் தெனியிலிருந்து சிலர், பியர்ஃபித்திலிருந்து சிலர். இரண்டாவது அறை வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். ஒரு பிரெஞ்சுக் கிழவர் இதுவும் மியூசியத்தின் விதி என்று நினைத்துத் தானும் கழற்றினார். எண் 31க்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள். யாரோ மெல்லத் தேவாரம் தொடங்கினார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது, பயமும் பிடித்தது. "அண்ணை, சத்தம் போடாதேங்கோ" என்று நான் அவர் பக்கம் திரும்பிய நேரத்தில் ஓர் அம்மா விரலை நீட்டி, பாறை இருக்கிற இடத்தில் கண்ணாடிமேல் குங்குமம் வைத்துவிட்டார்.

மதாம் வெர்னே வாசலில் நின்றிருந்தார். எல்லாரும் போனபின் கயேயை என்னிடம் நீட்டினார். நானே எழுதினேன்: "எண் 31, கண்ணாடியில் சிவப்புத் தூள், ஒரு சென்டிமீட்டர் வட்டம். துடைக்கப்பட்டது. வைத்தவர்கள் என்னால் வந்தவர்கள்." கடைசி வரியை அவர் கேட்கவில்லை. உண்மை என்பதால் எழுதினேன்.

அது எனக்கு மிகக் கெட்ட நேரத்தில் நடந்தது. என் தற்காலிக ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பியர்ஃபித்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். நிரந்தர ஒப்பந்தத்தின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் சாவி, இல்லாவிட்டால் வேறு குடும்பம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பரிசில் அந்தத் தாள் இல்லாதவர்களுக்கு யாரும் கதவு திறப்பதில்லை. நிலாவுக்கு அப்போது பத்து வயது. கட்டிலில் இருந்துதான் படிப்பு, கட்டிலில்தான் சாப்பாடு. தனக்கொரு மேசை வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மேல்மாடிக்கு அழைத்தார்கள். மிசியே தெலாத், பணியாளர் அலுவலர், மதாம் வெர்னே, நான். மேசையில் கயே, பக்கத்தில் எண் 31இன் முழு அளவுப் படம், அலுவலரின் கோப்பில் என் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் ஓரம் கோப்புக்கு வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

மிசியே தெலாத் தொடங்கினார். "மதாம், உங்களுக்காக வாசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் பாறையில் இருந்த கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். இந்தப் போருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே. இப்போது இருப்பது நம் காலத்தில் திரும்பக் கட்டியது. ஆகவே இந்தப் படத்தில் இருப்பது உங்கள் கோயிலாக இருக்கமுடியாது."

எனக்கு முகம் எரிந்தது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் படித்துப் பரிசு வாங்கிய பாடம். தெரிந்த ஒன்றை ஆசை அப்படியே மறைத்திருக்கிறது. இருபது பேரைச் சப்பாத்துக் கழற்ற வைத்துக் கும்பிட விட்டது ஏதோ ஒரு காவல் கொட்டகையையும் கொடிக்கம்பத்தையும்.

அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார். "எண் 31 பற்றிய எல்லாக் குறிப்புகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இதில் கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கங்களை எடுத்துவிடுவோம். பிறகு ஒப்பந்தத்தைப் பார்க்கலாம்."

"பக்கங்களை எடுக்க முடியாது" என்றார் மதாம் வெர்னே. "எண் போட்ட பக்கங்கள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது." அதே மெல்லிய குரல்.

நான் கயேயை என் பக்கம் இழுத்தேன். அடிமட்டம் கேட்டேன். மதாம் வெர்னே தன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். முதல் நாள் பக்கத்தைத் திறந்து, கோயில் என்று எழுதிய வரிமேல் ஒரு கோடு போட்டேன். அடியில் வாசிக்கக்கூடிய கோடு. "இது என் பிழை. எந்தக் கூட்டத்திலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கடலைப் பற்றி எழுதியதை அடிக்கமாட்டேன்" என்றேன்.

"மதாம், ஒரு பிழை தெரிந்தபின்..." என்று தொடங்கினார் மிசியே தெலாத்.

"மிசியே, இந்தப் படத்தில் குடாவின் நடுவில் இருக்கிற ஆழ எண்களின்மேல் சின்னக் கோடுகள் இருக்கின்றன. அவை என்ன?"

"அவ்வளவு கயிறு விட்டும் தரை கிடைக்கவில்லை என்று பொருள்" என்றார்.

"எனக்குப் பதினான்கு வயதில் ஒருநாள் அந்த இடத்தில் லோஞ்சியின் எஞ்சின் நின்றுவிட்டது. நங்கூரத்தைப் போட்டார்கள். கயிறு முழுவதும் போயிற்று, பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு கயிறு முடிச்சுப் போட்டு விட்டார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. எங்கள் குடாவின் நடுவில் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, மலைப் பள்ளத்தாக்குப் போல. தெற்கே இழுபட்டுப் போனோம். இதோ, இந்த ஆற்று முகத்துக்கு வந்ததும் லோஞ்சிக்காரர் குதித்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு. அங்கே உங்கள் படத்தில் என்ன எண் போட்டிருக்கிறது?"

அவர் குனிந்தார். நான் பார்க்கத் தேவையில்லை. ஐந்து மாதம் அதன் முன்னால் நின்றவள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். விரலால் நடுவிலிருந்து தெற்கே வந்தார், திரும்பப் போனார். ஆற்று முகத்தில் இருந்தது படத்திலேயே மிகச் சிறிய எண்.

"கப்பல் நிறுத்துகிற துறை என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றேன். "நங்கூரம் பிடிக்காத நடுக்குடாவை எதற்காக ஒருவன் இத்தனை தரம் அளந்தான்? புதிதாகப் பிடித்த இடம் என்பதால். அவனுக்கு அது பழக்கமில்லாத தண்ணீர், மிசியே. எனக்கு அது பள்ளிக்கூடம் போகிற வழி."

"இன்றைய கடல் வரைபடம் ஒன்றை வரவழைக்கிறேன்" என்றார் அவர் கடைசியில். படித்த மனிதர், அதைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது, ஆனாலும் சொன்னார். அலுவலர் கோப்பை மூடினார். படம் வரும்வரை எதுவும் முடிவாகாது என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பியர்ஃபித் வீடு வேறு குடும்பத்துக்குப் போயிற்று. நிலா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மா, அது ஒரு பழைய காகிதம்தானே? கையெழுத்துப் போட்டிருக்கலாமே?" குளியலறைக்குள் போய் அழுதேன். கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மேசை வந்திருக்கும். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றவில்லை.

பதினோராம் நாள் மிசியே தெலாத் புதிய வரைபடத்தின் ஒளிபுகும் நகலோடு கீழே வந்தார். இரண்டு பேருமாக எண் 31இன்மேல் பிடித்துப் பார்த்தோம். பாறை பாறையில் விழுந்தது, துறைமுக வாய் வாயில் விழுந்தது, பள்ளம் பள்ளத்தில் விழுந்தது. "ஆற்று முகம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அதைத்தான் சொன்னார்.

"இருநூறு ஆண்டில் ஆறும் நகரும், மிசியே. உங்கள் விவரச்சீட்டுத்தான் நகரவில்லை" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அந்த வாரமே புதிய சீட்டு மாட்டினார்கள்: "திருகோணமலைக் குடா, இலங்கை, அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலம்." கண்டுபிடித்தவர் யார் என்று அதில் இல்லை. அன்று காலை கயேயில் ஐந்து மாதத்துக்குப் பின் முதல் தடவையாக, குறிப்பிட எதுவும் இல்லை என்று எழுதினேன்.

மறுநாள் அலுவலர் அழைத்தார். மதாம் வெர்னே சாட்சியாக வந்தார். மேசையில் இரண்டு தாள்கள். கீழே இருந்தது ஒப்பந்தம். மேலே இருந்தது எழுத்துமூல எச்சரிக்கை. முதலில் இது, பிறகு அது என்றார்.

எச்சரிக்கையை வாசித்தேன். பார்வையாளரிடம் காட்சிப் பொருள் பற்றிப் பேசியது: சரி. கண்ணாடியில் தூள் படக் காரணமானது: சரி, அதற்கு நான் எப்போதோ தலைகுனிந்துவிட்டேன். மூன்றாவது: "குறிப்புப் புத்தகத்தில் ஆதாரமற்ற குறிப்புகளைத் தொடர்ந்து எழுதியது." புதிய விவரச்சீட்டு கீழ்மாடியில் தொங்குகிறது, மேல்மாடியில் அது ஆதாரமற்றது.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட தாள்களில் வெறும் கையெழுத்துப் போதாது. அதற்கு மேலே "வாசித்தேன், ஒப்புக்கொண்டேன்" என்று நம் கையாலேயே எழுதச் சொல்வார்கள். பேனாவைத் தந்தார்.

"வாசித்தேன்" என்று எழுதினேன். கையெழுத்திட்டேன். தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

அவர் பார்த்தார். "மற்றச் சொல்?"

"அது உண்மையில்லை, மிசியே. உண்மையானதை எழுதியிருக்கிறேன்."

"இப்படி விட்டால் கோப்பில் வைக்க முடியாது. அடுத்த தாளுக்குப் போக முடியாது."

மகளும் ஒற்றைக் கட்டிலும் கண்ணுக்கு முன் வந்தன. பேனாவை மூடி வைத்தேன்.

மதாம் வெர்னே எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். தாளை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை, கயேயை வாசிப்பதுபோலவே வாசித்தார். பிறகு தன் பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார்.

"வாசித்திருக்கிறார். நான் சாட்சி. வையுங்கள்" என்றார்.

அலுவலர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எச்சரிக்கையைக் கோப்பில் வைத்தார். அடுத்த தாளை என் பக்கம் தள்ளினார். அதைக் கடைசி வரிவரை நிதானமாகப் படித்தேன். அதில் இரண்டு சொல்லையும் எழுதினேன்.